சேர்க்கும் முன் படுக்கையைப் பாருங்கள்!

"நான் இருக்கும் வரை கவலை இல்லை. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?"

அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையைப் பெற்ற தாய்மார்களின் கேள்வி இது.

பிள்ளைக்கு வயது முப்பது இருக்கும். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாது. பசித்தால் சொல்லத் தெரியாது. தாய்க்கோ அறுபது தாண்டிவிட்டது. ஒரு நாள் அவளும் ஓய்ந்து போவாள். அப்போதுதான் "ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்து விடலாமா?" என்ற பேச்சு வரும்.

அரியலூர் மாவட்டத்தில் உள்ள மீன்சுருட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். திருச்சி - சிதம்பரம் சாலையும், விக்கிரவாண்டி - தஞ்சை சாலையும் சந்திக்கும் இடம். நாலு திசைக்கும் பஸ் உண்டு. எந்தப் பஸ்சில் ஏறுவது என்பது பெரிய விஷயம் அல்ல. போய்ச் சேரும் இடம் நல்ல இடமா? அதுதான் விஷயம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்கிலி

2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலை நேரம்.

மனநோயாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. தீ மளமளவென்று பரவியது. உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள்!

28 பேர் உயிர் இழந்தார்கள்.

நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே முன்வந்து விசாரித்தது. ஏர்வாடியில் இருந்த அதுபோன்ற இல்லங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்களை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது.

மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநோய் இடையில் வருவது. மருந்தால் குணம் தெரியும். அறிவுசார் குறைபாடு நோய் அல்ல. பிறவியிலோ, சின்ன வயதிலோ ஏற்படுவது. அதற்கு மருந்து இல்லை. ஆனால் பொறுமையாகப் பழக்கினால் முன்னேற்றம் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

ஆனாலும் இவர்கள் எல்லோருக்கும் ஒரு கஷ்டம் பொது. தங்களுக்கு நடக்கும் கொடுமையை எடுத்துச் சொல்ல முடிவதில்லை. சொன்னாலும் உலகம் நம்புவதில்லை.

பணம் கொட்டினாலும்...

"ஏழைகள் இருந்த கொட்டகை. அதனால்தான் அப்படி" என்று நினைக்கிறீர்களா?

இங்கிலாந்து நாட்டில் பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களை அங்கே வைத்திருந்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்கு சராசரியாக 3,500 பவுன் கட்டணம்!

2011-ம் ஆண்டு பி.பி.சி. டெலிவிஷன் நிருபர் ஒருவர் அங்கே ஊழியராகச் சேர்ந்தார். ரகசியக் கேமராவில் படம் பிடித்தார். அடி, உதை, கேலி, உடுத்திய துணியோடு தண்ணீரில் நனைப்பது - எல்லாம் படத்தில் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி மூடப்பட்டது. 11 ஊழியர்கள் தண்டனை பெற்றார்கள். அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள்.

பார்க்க வந்த பெற்றோரைப் படுக்கை அறைப் பக்கம் விடாமல் வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிய வந்தது.

ஏர்வாடியில் ஓலைக் கூரை. அங்கே விலை உயர்ந்த கட்டடம். இரண்டிலும் உள்ளே நடந்தது வெளியே தெரியவில்லை. அங்கேதான் ஆபத்து!

சட்டம்

நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. இதன்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லம் நடத்துவோர் அரசிடம் பதிவு செய்து சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். தன் பொறுப்பில் இருப்பவருக்கு வேண்டுமென்றே சோறு தண்ணீர் கொடுக்காவிட்டால், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை!

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது.

எதைப் பார்ப்பது?

வாசலில் பூந்தொட்டி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே போங்கள்.

படுக்கை: ஆளுக்கு ஒரு படுக்கை உண்டா? ஈர நாற்றம் வீசுகிறதா? பிள்ளைக்கென்று தனியாகத் துணிமணி, தட்டு, சோப்பு உண்டா?

கதவு: இரவில் வெளியே பூட்டுகிறார்களா? தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி உண்டா?

ஆள்: இரவில் யார் விழித்திருப்பார்கள்? பெண்களைக் குளிப்பாட்டப் பெண் ஊழியர் உண்டா?

மருந்து: டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதா? சத்தம் போடாமல் இருப்பதற்காகத் தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா?

பகல்: வரிசையாகச் சுவர் ஓரம் உட்கார வைத்திருக்கிறார்களா? அல்லது காய் நறுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாய் மடிப்பது என்று ஏதாவது செய்யப் பழக்குகிறார்களா?

"முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். முன் அறையில்தான் பார்க்கலாம்" என்று சொல்கிறார்களா? அப்படியானால் வேறு இடம் தேடுங்கள்!

18 வயதுக்குப் பிறகு

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிரம்பிவிட்டால், தாய் தந்தையர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கலெக்டர் தலைமையில் உள்ள குழு பாதுகாவலரை நியமிக்கும். தனக்குப் பின் யார் என்பதைத் தாய் உயிரோடு இருக்கும்போதே பேசி முடிப்பது நல்லது.

மீன்சுருட்டிக்காரர்கள் இதற்கு அரியலூர் போக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். மாதாந்தர உதவித்தொகை, பதிவு பெற்ற இல்லங்கள் எவை - இவற்றையும் அங்கேயே விசாரிக்கலாம்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால் அதுவே முதல் வழி. முடியாவிட்டால் இல்லத்தில் சேர்ப்பது பாவம் அல்ல. சேர்த்துவிட்டு மறப்பதுதான் பாவம்.

மாதம் ஒரு முறையாவது போங்கள். சொல்லாமல் போங்கள். வாய் பேசாத பிள்ளைக்காக உடம்பு பேசும். இளைத்திருக்கிறானா? காயம் உண்டா? ஊழியர் கையைத் தூக்கினால் ஒதுங்குகிறானா? பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது அவனுடைய தம்பியையோ, தங்கையையோ கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். அந்த வழி அவர்களுக்கும் இப்போதே பழகட்டும்.