வன்னியன் என்னும் பெயர்

வெளிநாடு செல்லவிருந்த பழைய மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு படிவத்துடன் என்னிடம் வந்தான். "ஐயா, குடும்பப் பெயர் கேட்கிறார்கள். முல்லைத்தீவிற் பிறந்தவன் யான். 'வன்னியன்' என்று எழுதலாமா?" என வினவினான்.

அது பொருந்தாது என்றேன். தமிழ்நாட்டில் ஒரு குலப்பெயராக வழங்கினும், ஈழத்தில் 'வன்னியன்' என்பது சிற்றரசர்க்குரிய பட்டமாகும். அதற்கு வனத்தை வேராகக் கொள்வாரும், தீயையோ வன்னி மரத்தையோ கொள்வாரும் உளர். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் படையிடம் தோற்றான். ஆட்சி போயபின் பட்டம் நினைவாக எஞ்சியது. அரிதாக இயற்பெயர்களில் வாழ்கிறது. 1947இல் கோப்பாய்த் தொகுதியில் வென்ற கு. வன்னியசிங்கம் அவர்களை எண்ணுக. அங்கும் 'வன்னிய' என்பது குடும்பப் பெயரன்று. தந்தையாரைச் சுட்டுவது 'கு' என்னும் முதலெழுத்தே.

நம் முதலெழுத்துத் தலைமுறைதோறும் மாறும். உருசிய நாட்டிலும் முன்னாளில் இவானின் மகனே 'இவானொவ்' எனப்பட்டான். பின்னர் அது நிலைத்த குடும்பப் பெயராகி, இவானை அறியாத வழித்தோன்றல்களுக்கும் உரியதாயிற்று. புலம்பெயர்ந்த நம்மவரிடையும் தந்தை பெயர் இவ்வாறே நிலைத்து வருகின்றது.

"ஆதலின், தம்பி, உன் தந்தையார் பெயரை எழுது" என்றேன்.

"அவர் 2009இல் போய்விட்டார், ஐயா" என்றான், தலைகுனிந்து.

"அதனாலேயே எழுது. உன் பேரர்க்கும் அதுவே பெயராகும். அது யார் பெயர் என்பதை மட்டும் அவர்கட்குச் சொல்லிவை."