கணித நிரலகங்களில் இழைப் பாதுகாப்பு

இழைப் பாதுகாப்பு என்பது, ஒரு செயற்கூறைப் பல இழைகள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் சரியான விடை கிடைக்கும் பண்பு ஆகும். ஒரே நிரலுக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு இணையாக இயங்கும் கட்டளைத் தொடர்கள் இழைகள் எனப்படுகின்றன. இராசபாளையத்து நூற்பாலைகளில் ஒரே எந்திரத்தில் பல இழைகள் நூற்கப்பட்டாலும் ஒவ்வோர் இழைக்கும் தனிக் கதிர் உண்டு. நிரல் இழைகளுக்கும் எழுதும் இடம் தனித்தனியாக இருக்கும்வரை சிக்கல் எழுவதில்லை.

பாதுகாப்பான செயற்கூறுகள்

சி நிரல்மொழியில் சைன், வர்க்கமூலம் போன்றவற்றைக் கணிக்கும் செயற்கூறுகள், தரப்பட்ட எண்ணைக் கொண்டே விடை காண்கின்றன. பிழை எண்ணைத் தாங்கும் எர்னோ, மிதவைப் புள்ளிச் சூழல் ஆகியன 2011 ஆம் ஆண்டின் சி சீர்தரப்படி ஒவ்வோர் இழைக்கும் தனியானவை.

விதிவிலக்கு

எல்காமா என்னும் செயற்கூறு, காமா சார்பின் தனி மதிப்பினுடைய இயல் மடக்கையைத் தருகிறது. காமா மதிப்பின் குறியை மட்டும் சைன்காம் என்னும் முழுதளாவிய மாறியில் எழுதுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் இழை -0.5 இற்கு இதனை அழைத்தால் சைன்காம் -1 ஆகும். அதனை அவ்விழை படிக்குமுன் மற்றோர் இழை 5 இற்கு அழைத்தால் சைன்காம் +1 ஆகிவிடும். முதல் இழை காமா மதிப்பை -3.545 என்பதற்கு மாறாக +3.545 எனக் கொள்ளும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் தோன்றாது.

ஆவணப்படுத்தலின் தேவை

இத்தகைய பிழை இழைகள் இயங்கும் வரிசையைப் பொறுத்தது. ஆயிரம் முறை சோதித்தும் வெளிப்படாமல் போகலாம். எனவே சோதனையைக் கொண்டு மட்டும் ஒரு செயற்கூறு பாதுகாப்பானது என உறுதிசெய்ய இயலாது. நிரலகத்தின் ஆவணமே நிரலருக்கு அடிப்படையாகிறது. போசிக்சு சீர்தரம், இழைப் பாதுகாப்புக் கட்டாயமில்லாத செயற்கூறுகளின் பட்டியலில் எல்காமாவைச் சேர்த்துள்ளது. 2014 பெப்ரவரியில் வெளியான குனூ சி நிரலகத்தின் 2.19 பதிப்பு முதல், அதன் கையேடு ஒவ்வொரு செயற்கூறுக்கும் பாதுகாப்புக் குறிப்பைத் தருகிறது. எல்காமாவைப் பாதுகாப்பற்றது எனக் குறிப்பதுடன், சைன்காம் மாறிக்கான போட்டியே காரணம் எனவும் அது சுட்டுகிறது.

மாற்று வழிகள்

குனூ நிரலகத்திலுள்ள எல்காமா_ஆர், குறியை அழைப்பவர் தரும் நினைவக இடத்தில் எழுதுவதால் பாதுகாப்பானது. எனினும் இது சீர்தரத்தில் இல்லை. டிகாமா குறியுடன் கூடிய காமா மதிப்பையே தருகிறது; ஆனால் இரட்டைத் துல்லியத்தில் எண் சுமார் 171.6 ஐத் தாண்டினால் விடை எல்லை மீறிவிடும்.