லாப்டொப் கைமாறும் முன் கிட் டோக்கனை ரத்துச் செய்யுங்கள்

வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளும், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு நிரல் எழுதுபவர்களும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். லாப்டொப்பை விற்கவோ திருத்தவோ கொடுக்கும்போது படங்களை அழிக்கிறார்கள், முகநூலிலிருந்து வெளியேறுகிறார்கள். நிரல் களஞ்சியங்களைத் திறக்க ‘கிட்’ மென்பொருள் சேமித்து வைத்திருக்கும் டோக்கனை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கிறதே என்ற எரிச்சலில், ‘கிரெடென்ஷல் ஹெல்பர்’ அமைப்பை ‘ஸ்டோர்’ என்று மாற்றிவிடுவது பலருக்கு வழக்கம். அதன் பிறகு பயனர் பெயரும் டோக்கனும் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ‘கிட்-கிரெடென்ஷல்ஸ்’ என்ற கோப்பில் கிடக்கும். மறைகுறியாக்கம் எதுவும் இல்லை. நோட்பேடில் திறந்தே வாசிக்கலாம். 2021 ஓகஸ்ட் 13 முதல் கிட்ஹப் தளம் கிட் வழியாக நிரலை அனுப்பவோ எடுக்கவோ கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன்தானே என்று ஆறுதல்பட வேண்டாம். ‘ரெப்போ’ அனுமதி கொடுத்த கிளாசிக் டோக்கன், உங்களுக்கு எட்டும் தனியார் களஞ்சியங்கள் அத்தனைக்கும் திறப்பு. அதைப் பயன்படுத்துபவரிடம் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கேட்கப்படாது.

குளோன் செய்யும் முகவரிக்குள்ளேயே டோக்கனை எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது புரொஜெக்ட் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘கொன்ஃபிக்’ கோப்பில் பதிந்துவிடும். அந்த ஃபோல்டரை சிப் செய்து நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் டோக்கனும் கூடவே போகும்.

கோப்பை அழித்தால் போதும் என்கிறவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை. அழித்த கோப்பை மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வேலை ரத்துச் செய்வது. கிட்ஹப்பில் உங்கள் படத்தை அழுத்தி ‘செட்டிங்ஸ்’ செல்லுங்கள். இடப்பக்கம் கடைசியில் ‘டெவலப்பர் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘பேர்சனல் அக்சஸ் டோக்கன்ஸ்’. டோக்கனின் பெயரும் கடைசியாகப் பயன்பட்ட காலமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு ‘டிலீட்’ கொடுங்கள். கிளாசிக், ஃபைன்-கிரெயின்ட் என்ற இரண்டு பட்டியலையும் பாருங்கள். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ‘செக்யூரிட்டி லொக்’கில் நீங்கள் செய்யாதது ஏதும் நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். கோப்பை அழிப்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

விண்டோஸில் டோக்கன் பெரும்பாலும் கொன்ட்ரோல் பெனலின் ‘கிரெடென்ஷல் மெனேஜர்’ என்ற இடத்தில் மறைகுறியாக்கப்பட்டு இருக்கும். வெறும் கோப்பை விட இது எவ்வளவோ மேல். ஆனால் அறையில் எல்லோரும் ஒரே விண்டோஸ் கணக்கைப் பாவித்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது, அங்கிருந்தும் நீக்குங்கள். லினக்ஸில் ‘கேஷ்’ முறை வட்டில் எழுதாமல் 15 நிமிடம் மட்டும் நினைவில் வைத்திருக்கும். புதிய டோக்கன் எடுத்தால் தேவையான களஞ்சியத்துக்கு மட்டும், காலாவதித் திகதியோடு எடுங்கள்.

டோக்கன் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால், வேலை போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள். அன்றைக்கே கம்பனிக்குச் சொல்லுங்கள். அடுத்து, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் ஸ்ரீலங்கா சேர்ட்: தொலைபேசி 101, அலுவலகம் பௌத்தாலோக மாவத்தையில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளாகத்தில். அவர்கள் தொழில்நுட்ப உதவி தருவார்கள், கைது செய்ய மாட்டார்கள். குற்ற விசாரணைக்கு பொலிஸுக்கே போக வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3 ஆம் பிரிவு அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைக் குற்றமாக்குகிறது. 10 ஆம் பிரிவு உங்களுக்கானது: நம்பி ஒப்படைக்கப்பட்ட அணுகல் தகவலை அனுமதியின்றி இன்னொருவருக்கு வெளியிடுவதும் குற்றம். நண்பனுக்கு டோக்கனைக் கடன் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“பாஸ்வேர்டை மாத்திட்டுப் போங்கோ” என்று பொலிஸ் மேசையிலேயே அனுப்பிவிடும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் கொடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். லாப்டொப் கைமாறிய திகதி, கடைப் பற்றுச்சீட்டு, டோக்கனின் பெயர், அந்த ஸ்கிரீன்ஷொட் ஆகியவற்றை இணையுங்கள். ஆனால் டோக்கனையே எழுதிவிடாதீர்கள். கொழும்பிலும் தமிழில் முறையிட்டுத் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை இடம் தருகிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.