செயற்கைக்கோளைக் கவிழ்த்த சூரியன்!

காரைக்கால் பகுதியில் அம்பகரத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது, சனி பகவான் கோவிலுக்குப் பெயர் பெற்ற திருநள்ளாறு. இந்த ஊருக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் 3 வினாடி நின்றுவிடுகின்றன என்று ஒரு கதை உலவுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இது கட்டுக்கதை. தாழப் பறக்கும் செயற்கைக்கோள் வினாடிக்கு 7 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நின்றால் கீழே விழ வேண்டியதுதான்!

ஆனால் செயற்கைக்கோள்கள் விழுந்தது உண்டு. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந்தேதி அமெரிக்காவின் ‘ஸ்பேஸ் எக்ஸ்’ கம்பெனி 49 செயற்கைக்கோள்களை ஏவியது. அவற்றில் 38, சில நாட்களில் எரிந்து போயின.

என்ன காரணம்? ஜனவரி 29-ந்தேதி சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தது. அதில் கிளம்பிய புயல் பூமியைத் தாக்கியது. மேல்காற்று சூடாகி உப்பியது. அந்தக் காற்று செயற்கைக்கோள்களை இழுத்துப் பிடித்துவிட்டது.

சனி பகவான் சூரியனின் மகன் என்பது புராணம். கதையில் பழி மகன் மேல். செய்தது என்னவோ தகப்பன்!

முறுக்கு ஏறுகிறது

சூரியன் கொதிக்கும் வாயுப் பிழம்பு. அந்த வாயுவில் மின்சாரம் ஓடுகிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் காந்த சக்தி உண்டு. சூரியனின் மேல்பரப்பில் இருந்து அந்தக் காந்த சக்தி வளைவு வளைவாக எழும்பி நிற்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு கால்கள்.

கால் ஊன்றிய இடத்தில் வாயு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கால் இந்தப் பக்கம், மறு கால் அந்தப் பக்கம் இழுபடும். வைக்கோல் பிரி திரிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படித்தான் நாள் கணக்கில் முறுக்கு ஏறுகிறது. அது திடீரென்று அவிழ்வதுதான் வெடிப்பு. பெரிய வெடிப்பில் 100 கோடி டன் வாயு கூட வீசி எறியப்படும்.

அது எந்தக் கணத்தில், எதனால் அவிழ்கிறது? இதில் விஞ்ஞானிகள் இரண்டு கட்சி. முறுக்கு அளவு மீறினால் காந்தக் கயிறு தானே துள்ளி எழும் என்பது ஒரு கட்சி. வளைவுகள் நெருங்கி, அறுந்து, மாறி ஒட்டிக்கொள்வதால்தான் வெடிக்கிறது என்பது மறு கட்சி.

கம்ப்யூட்டரில் ஒரு சூரியத் துண்டு

மேல்பரப்பின் காந்த சக்தியை டெலஸ்கோப்பால் அளக்கலாம். அதற்கு மேலே, வளைவுகள் நிற்கும் இடத்தில் அளப்பது மிகக் கடினம். அதனால் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள்.

அந்த இடத்தைக் கோடிக்கணக்கான சின்னப் பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் காந்தம் எவ்வளவு, வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. அடுத்த நொடி என்ன ஆகும்? பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்துக் கணக்கிடுகிறது. பிறகு அதற்கு அடுத்த நொடி!

2021-ல் சீன விஞ்ஞானி சியாங் சாவ்வெய் குழுவினர் மிக நுண்ணிய பெட்டிகளை வைத்து இப்படிச் செய்தார்கள். ஒரே ஒரு வளைவுக் கூட்டம். அதன் கால்களை மெல்ல எதிரெதிராக நகர்த்தினார்கள். அவ்வளவுதான். நடுவில் தகடு போல ஒரு மின்னோட்டம் உண்டாகி, மெலிந்துகொண்டே வந்தது. போதிய அளவு மெலிந்ததும் வளைவுகள் அறுந்து ஒட்டின. கயிறு மேலே பாய்ந்தது!

இரண்டாவது கட்சிக்கு இது பலம். முதல் கட்சி இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

8 நிமிடம்தான்

இதில் நமக்கு என்ன? வாயுப் புயல் பூமிக்கு வர பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும். எச்சரிக்க நேரம் உண்டு. ஆனால் வெடிப்பில் எக்ஸ்ரே கதிரும் கிளம்புகிறது. அது ஒளியோடு ஒளியாக 8 நிமிடத்தில் வந்துவிடும். வெடிப்பு கண்ணில் படும்போதே சிற்றலை ரேடியோ அடங்கிப் போகும். ஜி.பி.எஸ். கருவியும் தடுமாறக்கூடும். காரைக்கால் விசைப்படகுகள் கடலில் வழி பார்ப்பது அதை வைத்துத்தான். வெடிக்கும் முன்பே சொல்ல வேண்டுமானால், அது தொடங்கும் விதம் தெரிய வேண்டும்.

பஞ்சம் போட்ட விதை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பினார்கள். 1899-ல் கோடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே கண்டுபிடித்தார். பலமான காந்த வளைவுகள் கால் ஊன்றும் இடம் அந்தப் புள்ளிகள்தான்.

அந்த நிலையத்தை இன்று நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ‘ஆதித்யா எல்-1’ விண்கலத்துக்கு முக்கியமான டெலஸ்கோப்பைச் செய்து கொடுத்தது. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அது கிளம்பியது. அதன் திட்ட இயக்குனர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

கோடைக்கானலில் மேகம் மறைத்தால் அன்று படம் கிடையாது. 15 லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் நிற்கும் ஆதித்யாவுக்கு மேகமும் இல்லை, இரவும் இல்லை.