பந்தல் நிறையப் பழம், தட்டில் 50 கிராம்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் செழித்த இந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்டு நடந்துகொண்டே இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திராட்சையும் வாழையும் காய்கறியும் லாரி ஏறி, குமுளி மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. அதே சாலையில் வருகிற வேன்கள் பெட்டிக்கடை வாசலில் 5 ரூபாய் தின்பண்டப் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுப் போகின்றன. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளையின் கை அந்தச் சரத்தைத்தான் தேடுகிறது.

பழம் விளைகிற ஊரில் பிள்ளைகள் தாமாகவே பழம் தின்று வளர்ந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 2 முதல் 5 வயது வரை நாளுக்குக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயது வரை 350 கிராம், அதற்கு மேல் 400 கிராம் காயும் பழமும் வேண்டும். சத்துணவு விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒதுக்கப்படும் காய்கறி 50 கிராம். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் காய்கறி சாம்பார் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. இந்த இரண்டு திட்டங்களும் இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்கு அந்தக் காயும் கிடைக்காது. ஆனால், சத்துணவில் பழம் என்பது முட்டை சாப்பிடாத பிள்ளைக்குத் தரும் வாழைப்பழத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி இருநூற்றைம்பது, முந்நூறு கிராமுக்கு வீடுதான் பொறுப்பு. தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த கத்தரிக்காயைக் கழித்துவிட்டால் பற்றாக்குறை இன்னும் கூடும்.

இதன் விளைவு உடனே கண்ணுக்குத் தெரியாது. 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வில், 5 முதல் 19 வயதுக்குள் சுமார் பத்தில் ஒருவர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தார். அதற்குக் காரணங்கள் பல. சாப்பாட்டுப் பழக்கம் அவற்றில் முக்கியமானது.

பிள்ளையின் நாக்கு எப்படிப் பழகுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்கெட்டின் உப்பும் காரமும் இன்றைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படியே இருக்கும். ஒரே தடவையில் பிடித்துப்போகும். திராட்சைக் கொத்தில் ஒன்று இனிக்கும், அடுத்தது புளிக்கும். தோல் துவர்க்கும், விதை பல்லில் இடறும். அதனால் சிறு பிள்ளை முதலில் துப்பத்தான் செய்யும். புதிய சுவையைக் கண்டு மிரள்வது இரண்டிலிருந்து ஆறு வயது வரை இயல்பு. ஒரு காயையோ பழத்தையோ ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவை வரை ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ மூன்றாவது தடவையிலேயே “எம்புள்ளைக்குப் பழமே எறங்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அன்றோடு அந்தப் பழம் வீட்டுக்கு வருவது நின்றுபோகிறது.

அதட்டி ஊட்டினால் வெறுப்புதான் மிஞ்சும். விரல் நகம் அளவு கொய்யாத் துண்டு, ஒரு வெள்ளரிக்காய்ச் சீவல் போதும். பக்கத்துப் பிள்ளை கடிப்பதைப் பார்த்தால் இந்தப் பிள்ளையும் கடிக்கும். அதனால் வகுப்பறை இதற்கு நல்ல இடம். கொய்யாவின் வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் உதவும்.

பழக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது மூச்சுத்திணறல். உருண்டையாய் வழுவழுப்பாய் இருக்கும் முழுத் திராட்சை, சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நீளவாக்கில் நான்காக நறுக்கி, விதையை எடுத்துவிட்டுத்தான் தர வேண்டும். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ தின்ன விடக்கூடாது. இரண்டாவது பூச்சிமருந்து. சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் மருந்தடிக்கும் பயிர் திராட்சை. பந்தலில் பறித்ததை அப்படியே வாயில் போட விடக்கூடாது. மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்த பழத்தை, ஓடும் தண்ணீரில் கொத்தைப் பிரித்துக் கழுவித் தர வேண்டும். கழுவினால் மேலே படிந்ததில் ஒரு பகுதிதான் போகும். அதனால் காத்திருப்பு நாட்களைக் குறைக்கவே கூடாது. மூன்றாவது ஜூஸ். பழத்தைப் பிழிந்தால் நார் போய்விடும், சர்க்கரை தங்கும். ஜூஸில் உள்ள சர்க்கரையும் குறைக்க வேண்டிய சர்க்கரைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஐம்பது மீட்டரை அளக்க ஒரு கயிறு போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே அளந்து பார்க்கலாம்.

ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடிய ஐந்து வருடம் இருக்கிறது. ஒரு பழத்தைப் பதினைந்து தடவை தந்து பார்க்க ஒரு பருவம் போதும். பத்து வயதுக்கு மேலும் பழக்கலாம், முடியாது என்றில்லை. ஆனால் அதற்குள் பாக்கெட் ஐந்து வருடம் முந்தியிருக்கும்.