விரல் மடங்கினால் விசாரியுங்கள்

சர்க்கரை நோயாளி டாக்டரிடம் போனால் ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரையைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். செருப்பைக் கழற்றச் சொல்பவர்கள் குறைவு. கழற்றினாலும் புண் இருக்கிறதா என்றுதான் கண் தேடும். ஆனால் புண் வருவதற்கு வெகு முன்பே பாதத்தின் வடிவம் மாறத் தொடங்கிவிடுகிறது.

பாதத்தை அசைக்கும் பெரிய தசைகள் கெண்டைக்காலில் இருக்கின்றன. அவை தவிர, பாதத்துக்குள்ளேயே தொடங்கிப் பாதத்துக்குள்ளேயே முடியும் சிறு தசைகள், உள்ளங்காலில் மட்டும் நான்கு அடுக்காக உண்டு. குழிவைத் தாங்குவதும், அடி எடுத்து வைக்கும்போது விரல்களைத் தரையோடு பதித்துப் பிடிப்பதும் இவற்றின் வேலை. வயிற்றுத் தசைகள் முதுகைத் தாங்குவதுபோல இவை பாதத்தைத் தாங்குகின்றன என்று 2015இல் அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மெக்கியான் குழுவினர் எழுதினார்கள். அதன்பிறகு தட்டைப்பாதம், குதிகால் வலி, அடிக்கடி பிசகும் கணுக்கால் என்று எதற்கு வந்தாலும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இந்தத் தசைகளையும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

சர்க்கரை நோயில்தான் விஷயம் தீவிரமாகிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2005இல் நோயாளிகளின் பாதங்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நரம்பு பாதிப்பு இருப்பதாக வழக்கமான பரிசோதனையில் தெரியாதவர்களுக்கும் இந்தத் தசைகள் சிறுத்திருந்தன. மரத்துப்போகும் முன்பே மெலிவு வந்துவிட்டது!

தசை மெலிந்தால் விரலின் அடிக்கணு மேலே தூக்கிக்கொள்கிறது, நுனி கீழே மடங்குகிறது. விரல்கள் பங்குபோட வேண்டிய எடையெல்லாம் அவற்றுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைகளில் இறங்குகிறது. அங்கே தோல் காய்த்துப்போகும். காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கும். வலித்தால் ஆள் நொண்டுவார், அந்த இடத்துக்கு ஓய்வு கிடைக்கும். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தை மறுபடி மறுபடி மிதிக்கிறார்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் பெருமளவு கற்றது நம் வேலூரில். 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்தார். அந்த நோய், கணுக்காலின் உட்புறம் இறங்கும் நரம்பைத் தாக்கி உள்ளங்காலின் உணர்ச்சியையும் சிறு தசைகளையும் சேர்த்தே பறிக்கிறது. சதை தானாக அழுகுவதில்லை; உணர்ச்சியற்ற பாதத்தில் தொடர்ந்து விழும் அழுத்தமே புண்ணாக்குகிறது என்று அவர் வலியுறுத்தினார். மிருதுவான ரப்பர் பதித்த எம்.சி.ஆர். செருப்பு அந்த அக்கறையில் பிறந்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுசென்றார்.

இந்தச் சிறு தசைகளுக்கான பயிற்சி எளிது. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். விரல்களை மடக்காமல், கட்டைவிரலின் அடிமேட்டைக் குதிகால் பக்கம் மெல்ல இழுங்கள். நடுக்குழிவு உயரும், சில நொடி பிடித்து விடுங்கள். அடுத்து, மற்ற நான்கும் தரையில் இருக்கக் கட்டைவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். பலருக்கு முதல் நாள் அது அசையவே அசையாது.

நரம்பு செத்ததால் மெலிந்த தசை முழுதாகத் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. 'வெறுங்காலோடு நட, பலம் வரும்' என்ற அறிவுரை, பாதம் மரத்தவருக்கு ஆபத்து. அவர்கள் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டே தொடங்க வேண்டும். விரல் ஏற்கெனவே மடங்கியிருந்தால், முன்பக்கம் உயரமும் அகலமும் உள்ள, உள்ளே தையல் உறுத்தாத காலணியை மாலையில் போய் வாங்குவது நல்லது. பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும்.