மழையை விரட்டும் ரைம்ஸ்... கோவில்பட்டி குட்டீஸுக்கு எப்படிப் போட்டுக்காட்டலாம்?

கோவில்பட்டிப் பக்கம் மழை வந்தா, ஊரே வாசல்ல நின்னு பார்க்கும். புரட்டாசியில விதைச்ச உளுந்தும் மக்காச்சோளமும் ஐப்பசி மழையை நம்பித்தான் கரிசலில் நிக்குது. ஆனா, அதே வீட்டுல ரெண்டு வயசுக் குட்டி, போனைப் பார்த்து, மழையைப் போகச் சொல்ற இங்கிலீஷ் ரைமைப் பாடிட்டு இருக்கும். தாத்தா என்ன நினைப்பாரோ!

ரைம்ஸ் வீடியோவே கூடாதுன்னு சொல்ல வரலை. 2013-ல் சென்னையில ஆரம்பிச்ச சூச்சூ டி.வி-யே, ஓர் அப்பா தன் மகளுக்காகச் செஞ்ச வீடியோவுல இருந்து பிறந்ததுதான். வீடியோ ஓடும்போது குழந்தை பக்கத்துல யார் இருக்காங்க என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. 9 மாதக் குழந்தைகள் சிலருக்கு, சீன மொழி பேசுறவங்க நேர்ல உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினாங்க. வேறு சிலருக்கு, அதே ஆட்கள் பேசுற வீடியோ. நேர்ல கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரிச்சு அறிஞ்சாங்க. வீடியோ பார்த்த குழந்தைகளுக்கு அது வரவே இல்லை. குழந்தை சிரிச்சா, போன் திரும்பிச் சிரிக்காது இல்லையா?

நம்ம ஆச்சிகளோட சாஞ்சாடு பாட்டு, கைவீசு பாட்டெல்லாம் இதைத்தான் செய்யுது. முகம் பார்த்து, கையைப் பிடிச்சு, குட்டி 'இன்னொரு தடவை'ன்னு கேட்கக் கேட்கப் பாடுறது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற அம்மா, போனைவிட ஆச்சியை நம்பலாம். ஆச்சிக்கும் அடுப்பு வேலை இருக்குதான், ஒத்துக்கிறேன்.

அதனால, வீடியோ போட்டா ஒரு பாட்டு போதும். நடுவுல நிறுத்தி, 'உன் மூக்கு எங்கே?'ன்னு கேளுங்க. போனை அணைச்சிட்டு, குளிப்பாட்டும்போது அதே பாட்டை நீங்க பாடுங்க. ஸ்ருதி சேரலைன்னாலும் பரவாயில்லை. எண் பாட்டுன்னா, தெருவுல போற ஆடுகளை எண்ணலாம். ஆட்டோபிளேயை ஆஃப் பண்ணிடுங்க. அடுத்த பாட்டு தானா ஓடினா, ஒரு மணி நேரம் போறதே தெரியாது. 2 முதல் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு அதிகபட்சமே ஒரு மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கு. ரெண்டு வயசுக்குள்ள ஸ்கிரீனே வேண்டாமாம்.

அந்த மழை ரைமா? அடுத்த தூறலுக்குக் குட்டியோட கையை வாசல்ல நீட்டி, மழையை 'வா'ன்னு கூப்பிடுற மாதிரி மாத்திப் பாடிடுங்க. தாத்தாவும் சேர்ந்துப்பார்.